நாய் இல்லாத தெருவின் தோரணங்கள்

ஜனவரி 4, சனி

நடை 22 நிமிடம். பி.பி. 138/86.

இவ்வளவு எழுதினால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் மருந்துக் கடையில் கொடுத்த டைரியில் நாளுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. மின்துறையில் முப்பத்தாறு வருஷம் லாக் புக் எழுதிய கை. பக்கத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. அதனால் வழியில் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன்.

பார்த்தது: கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், இன்னும் இறக்காதவை, பதினேழு. இந்த நகரில் கிறிஸ்தவர் வீடு நான்குதான். புதுச்சேரி மூலக்குளத்தில் நட்சத்திரம் தொங்கவிட ஞானஸ்நானம் வேண்டாம், ஒரு பல்ப் ஹோல்டர் இருந்தால் போதும். அதில் மூன்று வீட்டில் பேப்பர் நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்ப். தீப்பிடிக்கும். போய்ச் சொன்னால் ரிட்டயர்டு ஆளுக்கு என்ன வேலை என்பார்கள். சொன்னேன். அப்படித்தான் பார்த்தார்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

நடை 15 நிமிடம். நாய்கள்.

முதல் குறுக்குத் தெருவில் மூன்று. இரண்டாவதில் ஐந்து, அதில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. மூன்றாவதில் ஒன்றே ஒன்று, ஆனால் அது ஐந்துக்குச் சமம். போன மாதம், புயல் போன மறுவாரம், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவன் ஓடவா முடியும்?

நாலாவது குறுக்குத் தெருவில் மட்டும் நாயே இல்லை. அந்தத் தெருவில்தான் என் தங்கை செல்வாம்பாள் இருக்கிறாள். அவள் குரலைக் கேட்டே ஓடியிருக்கும்.

ஒன்பது வருஷமாக அந்தத் தெருவில் நான் கால் வைக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

நடை 35 நிமிடம். நாலாவது குறுக்குத் தெரு வழியாக. வேறு வழியில்லை. இது டாக்டர் சொன்ன மருந்து, அவ்வளவுதான். எதிர் வரிசையோரமாக, தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

பாக்கியத்திடம் சொன்னேன். என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாய் நல்ல வேலை பண்ணுது" என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

நடை 40 நிமிடம். தெரு முழுக்கக் கோலம். ஷூ வைக்க இடமில்லை, ஓரத்துச் சாக்கடை மூடி மேலேயே நடந்தேன்.

செல்வாம்பாள் கோலத்தைப் பெயர் போடாமலே கண்டுபிடிப்பேன். இருபத்தொரு புள்ளி. எங்கே போட்டாலும் வடக்கு மூலைத் தாமரைக்கு ஒரு இதழ் குறையும். சின்ன வயசில் இதைச் சொல்லி எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் ஒரு இதழ் குறைந்துதான் இருந்தது.

அண்ணன் பொங்கல் சீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாள். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு போனேன், டாக்டர் சொன்னபடி.

ஜனவரி 15, புதன்

நடந்தது. எவ்வளவு என்று பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

2016 மே மாதம். செல்வாம்பாள் பெண் ஹேமலதாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் ஒரே தாய்மாமன். முப்பத்தொரு தட்டு சீர். கிளிப்பச்சைப் பட்டுப் புடவை, நானே காஞ்சிபுரம் போய் எடுத்தது. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் நானும் பாக்கியமும் எங்கள் ஆட்களும். மண்டபத் தெரு முனையில் பேனர், இரண்டு ஆள் உயரத்துக்கு. மச்சான் அன்பழகன், அவருடைய பெரியப்பா பையன், அவனுடைய நற்பணி மன்றத்து ஆட்கள் பதினெட்டுப் பேர், எவனோ கூலிங் கிளாஸ் போட்டவன். எல்லாம் இருக்கு. தாய்மாமன் எங்க? வீட்டுக்கு வந்து போட்டோ கேட்டு வாங்கிக்கினு போனாளே, அந்தப் போட்டோ எங்க போச்சு? கூலிங் கிளாஸ்காரன் அவளுக்கு என்னா உறவு?

நான் அங்கேயே திரும்பிவிட்டேன். முப்பத்தொரு தட்டும் என் பின்னால் திரும்பியது. முன்னால் போன மேளக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை.

அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அன்பழகன் மட்டும் வந்து வராந்தாவில் பாக்கியத்திடம் விசாரித்துவிட்டுப் போனாராம். செல்வாம்பாள் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாக்கியம் பக்கத்தில் வந்து, "என்னாங்க, அன்னைக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தாள். கையைக் காட்டினேன். நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடை 45 நிமிடம். பி.பி. 130/82. தைப்பூசத்துக்கு முருகன் கோவில் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். முருகனே பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 12, புதன். மாசி மகம்

நடை 50 நிமிடம். கடலுக்குப் போகிற சாமிகளைப் பார்க்க வில்லியனூர் சாலை வரை போய் வந்தேன். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், வாழை மரம், தெருவை அடைத்துக் கோலம். ஒரு பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தது அன்பழகன். என்னைப் பார்த்ததும் டம்ளரை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் யார் என்று தெரிந்தது அவருக்கு. இரண்டு பேரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

குடித்தேன். உப்பு தூக்கல். சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வேப்பம்பூத் தோரணம், ஒரே ஒரு வீட்டில். எந்த வீடு என்று எழுத வேண்டியதில்லை. எங்கள் அம்மா கட்டுவது போலவே கட்டியிருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

நடை 45 நிமிடம். தெருக்களில் இப்போது ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த பேனர்கள்தான்.

ஹேமலதா ஸ்கூட்டரில் எதிரே வந்தாள். நர்ஸ் வேலைக்குப் போகிற வெள்ளைச் சட்டை. கடைசியாகப் பார்த்தபோது பதிமூன்று வயசு. வண்டியை மெதுவாக்கி, "மாமா, ஷூ லேஸ் அவுந்துருக்கு, பாத்து" என்றாள். போய்விட்டாள்.

மாமா என்றாள். குனிந்து லேஸ் கட்ட வெகுநேரம் ஆனது.

ஜூலை 14, திங்கள்

இன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். நேற்று சாயங்காலம் டவுனில் அவர்களுடைய விளக்கு ஊர்வலம். எங்கள் தெரு சொல்தா தெய்வநாயகம் போய்விட்டு வந்து, கையில் பிடித்திருந்த காகித விளக்கைத் தன் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் அங்கிருந்து வருகிறது. மாடியில் நீலம், வெள்ளை, சிவப்புக் கொடி. அதைக் கட்டிய மூங்கிலைப் பார்த்தேன். போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு நம் கொடியைக் கட்டிய அதே மூங்கில்.

"என்னா தெய்வநாயகம், ஒரே கழிதானா?" என்றேன்.

"கழி என்னுது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஏறிக்கட்டும்" என்றார்.

வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த மாதிரி ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

நடை 45 நிமிடம். நேற்று இந்தியாவுக்குச் சுதந்திர தினம். இன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். மற்ற ஊரில் இன்று கொடியை மடித்து வைத்துவிடுவார்கள், நமக்கு இன்னொரு நாள் பறக்கும். மூங்கிலில் மூவர்ணம் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

நடை பாதியில் நின்றது. இரண்டாவது குறுக்குத் தெரு முனையில் பிள்ளையார் பந்தல். பிள்ளையார் தலைக்குப் பின்னால் சுற்றுகிற விளக்குச் சக்கரம். கரண்ட் எங்கிருந்து என்று பார்த்தால், கம்பத்தில் கொக்கி! கமிட்டிச் செயலாளர் இளம்பரிதி, முப்பது வயசு ஆள், பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவன், கொக்கிக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கத்திவிட்டேன். ஸ்டென்ட் இருப்பது ஞாபகம் வந்த பிறகு மெதுவாகக் கத்தினேன். சாயங்காலத்துக்குள் முறையாகத் தற்காலிக இணைப்பு வாங்கினார்கள். வயரிங் நான்தான் பார்த்தேன். சுண்டல் இரண்டு பொட்டலம்.

இளம்பரிதி, "அண்ணா, நீங்க இருந்தா பயமில்ல" என்றான். இப்படி யாராவது சொல்லி நாளாகிவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

நடை 45 நிமிடம்.

செல்வாம்பாள் வீட்டு கேட்டில் இரண்டு பக்கமும் வாழை மரம். தாரோடு. மாவிலைத் தோரணம், நிஜ மாவிலை. கேட்டைச் சுற்றி சீரியல் லைட்.

இன்றைக்குப் பண்டிகை ஒன்றும் இல்லை. காலண்டரைப் பார்த்தேன். முகூர்த்த நாள்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்தைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "ஹேமலதாவுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். பையன் தவளக்குப்பம், ஸ்கூல் வாத்தியாரு. தை மாசம் கல்யாணமாம்" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. தாய்மாமனுக்கு வாழை மரம் சொல்லித்தான் தெரியுது.

என்னா பெரிய மாமன். தட்டைத் திருப்பிக்கினு வந்தவன்தானே. யார் கூப்பிடுவா?

கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் நான். என் இடத்தில் யார் நிற்பார்கள்? கூலிங் கிளாஸ்காரனா? எனக்குப் போக வேண்டும். இதை வேறு எங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. அந்த சீரியல் வயரை இரண்டாக ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஒட்டு சரியாக இரும்பு கேட்டின் மேல். டேப் இல்லை. வெறும் பாலிதீன் கவர் சுற்றி நூல் கட்டியிருக்கிறது. சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். பாக்கெட்டில் இன்சுலேஷன் டேப், கட்டிங் பிளேயர். ராத்திரி தூறல் போட்டிருந்தது. நல்லவேளை, யாரும் கேட்டைத் தொடவில்லை.

கூப்பிடாத நிச்சயதார்த்தத்தின் கேட்டில் நின்றுகொண்டு, திருடன் மாதிரி வேலை பார்த்தேன். பிளக் வெளியே போர்டிகோ சுவரில்தான் இருந்தது. பிடுங்கினேன். கவரைப் பிரித்து, முறுக்கை அவிழ்த்து, ஒரு ஒட்டு மேலே ஒரு ஒட்டு கீழே தள்ளிப் போட்டு, மூன்று சுற்று டேப், மேலே நுனியை மடித்து. வயரை இரும்பிலிருந்து எடுத்துச் சுவர் ஆணிக்கு மாற்றினேன். ஏழு நிமிடம். உள்ளே குக்கர் விசில் கேட்டது. ஓடாத குறையாக வந்துவிட்டேன்.

நடை 20 நிமிடம். நாடி மட்டும் நூற்றுப் பத்து.

செப்டம்பர் 7, ஞாயிறு

லைட் சுவர் ஆணியிலேயே இருக்கிறது. டேப்பைப் பிரிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று. சாலை முழுக்க உடைத்த பூசணி. வழுக்கி விழப்பார்த்தேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

நடை 30 நிமிடம், பட்டாசுப் புகை. அதே சீரியல் லைட் மறுபடியும் சுவர் ஆணியில். கேட்டில் மாட்டவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள், சொல்லாமலே.

அக்டோபர் 22, புதன்

கொட்டுகொட்டென்று கொட்டிய மழை காலையில் கொஞ்சம் விட்டது. பாக்கியம் திட்டத் திட்டக் குடையோடு கிளம்பினேன். தெருவில் ஒரு அலங்காரமும் இல்லை, எல்லாம் ஈரம். நாலாவது குறுக்குத் தெருவில் ஆளே இல்லை.

செல்வாம்பாள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரையொட்டி, வெளிப்பக்கம், ஹேமலதாவின் ஸ்கூட்டர். மழைக்குப் பழைய பேனர் ஒன்றைப் போர்த்தி, கயிறு கட்டி, செங்கல் வைத்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம் வெளியே. இதெல்லாம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். போன தேர்தலில் ஓட்டுக் கேட்டவர்கள் பாதிப் பேர் இப்போது மாட்டுக் கொட்டகை மேல்தான் இருக்கிறார்கள்.

காற்று அடித்தது. ஒரு செங்கல் சரிந்து பேனர் மேலே மடிந்தது.

மீசை. கறுகறுவென்ற என் மீசை.

என்னால் நம்ப முடியவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் பாராட்டு விழாவில் எடுத்த போட்டோ. செல்வாம்பாள் வாங்கிக்கொண்டு போன அதே போட்டோ. கூலிங் கிளாஸ் இல்லை, மன்றம் இல்லை, அன்பழகன்கூட இல்லை. நான் மட்டும். கீழே சிவப்பில்:

"சீர் கொண்டு வரும் தாய்மாமன் சக்கரபாணி அவர்களே, வருக! வருக!"

தேதி, மண்டபத்தின் பெயர், எல்லாம் இருந்தது. நான்கு மூலையிலும் கயிறு கட்டிய ஓட்டை இருந்தது. எங்கேயோ கட்டித்தான் இருந்திருக்கிறது.

மறுபடி போர்த்தி, செங்கல்லை வைத்துவிட்டு வந்தேன். தலையெல்லாம் ஈரம். நடை எத்தனை நிமிடம் என்று கேட்காதே.

அக்டோபர் 23, வியாழன்

பாக்கியத்தை உட்காரவைத்துக் கேட்டேன். "அந்த மஞ்சள் நீராட்டுக்கு எனக்குன்னு தனியா பேனர் வெச்சிருந்தாங்களா?"

அவள் என்னையே பார்த்தாள். "மண்டப வாசல்ல. ரெண்டு வாழை மரத்துக்கு நடுவுல. முனையில இருந்தது மன்றத்துக்காரங்க அவங்களா வெச்சது. எங்கம்மா முன்னாடியே உள்ள போய் உக்காந்துருந்தாங்கல்ல, மறுநாளே சொன்னாங்க."

"ஏன்டி சொல்லல?"

"ஒம்போது வருஷமா சொல்ல வர்றேன். நீங்க கையக் காட்டுறீங்க."

இந்தக் கை. கொக்கி போட்டவனை நோக்கி நீண்ட கை, லாக் புக்கில் ஒரு நிமிடம்கூடத் தப்பாக எழுதாத கை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று புதுச்சேரி விடுதலை நாள். பீச் ரோட்டில் அரசாங்கக் கட்டிடமெல்லாம் விளக்கு. பையன் எழிலரசன் ஓசூரிலிருந்து வந்திருந்தான், காட்டிவிட்டு வந்தேன். மனசு அதில் இல்லை.

இன்று காலை அந்த மண்டபத்துக்குப் போனேன். பேனர் இருந்த முனையில் நின்றேன். அங்கிருந்து மண்டப வாசல் வரை நடந்தேன், அடி வைத்து எண்ணிக்கொண்டே. முனையிலிருந்து வாசல் தெரியாது, வழியில் ஒரு வளைவு. எண்பத்து நாலு அடி.

எண்பத்து நாலு அடி நடந்திருந்தால் போதும்.

நவம்பர் 16, ஞாயிறு

தினமும் அந்த கேட் வரை போகிறேன், தாண்டி வந்துவிடுகிறேன். என்ன சொல்வது? உன் பேனரைப் பார்த்துவிட்டேன் என்பதா? பார்த்தபிறகுதான் வந்தாயா என்று கேட்டால்? நியாயமான கேள்வி.

நவம்பர் 28, வெள்ளி

சொல்தா தெய்வநாயகம் வாசலில் கார்த்திகைக்கு அகல் விளக்கு கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "உன் தங்கச்சிக்கு கார்த்திகை சீர் குடுக்குறதில்லையா நீ?" என்றார். பேச்சுக்குக் கேட்டதுதான், அவருக்குக் கதையெல்லாம் தெரியாது.

குடுக்கணும் என்றேன்.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

காலையில் நடக்கவில்லை. சாயங்காலம் நடந்தேன். பழக்கத்தில் ஷூ போட்டுக்கொண்டேன். பையில் பொரி, வெல்லம், இருபத்தொரு அகல், எண்ணெய். பீரோவில் ஒன்பது வருஷமாகக் கிடந்த கிளிப்பச்சைப் புடவை. பாக்கியம் கூடவே வருகிறேன் என்றாள். நான் போய்த் திட்டு வாங்கிவிட்டு வருகிறேன், அப்புறம் நீ வா என்றேன்.

தூறல். எல்லா வீட்டிலும் விளக்கை ஏற்றுவதும் அது அணைவதுமாக இருந்தது. செல்வாம்பாள் காம்பவுண்டுச் சுவர்மேல் அகல் வைத்து, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"தெனம் காலையில தாண்டிப் போற ஆளு, இன்னைக்குச் சாயங்காலத்துல வந்துருக்கு."

"கார்த்திகை சீர் எடுத்தாந்தேன்."

"வரும்போது முனையில பேனர் ஏதாச்சும் இருந்துதா? பாத்துட்டுத் திரும்பிப் போயிடப் போற."

இதைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் பட்டது. "தப்பு எம்மேலதான் செல்வா. மண்டபம் வரைக்கும் நான் வந்துருக்கணும்" என்றேன். இத்தனை நாளாக யோசித்து வைத்தது எல்லாம் போய், இது மட்டும்தான் வாயில் வந்தது.

அப்போதுதான் திரும்பினாள். நரைத்துவிட்டாள். தினமும் தலையைத் திருப்பாமல் நடந்ததில் அது எனக்குத் தெரியவில்லை.

"மேளக்காரங்க மட்டும் உள்ள வந்தாங்கண்ணா" என்றாள். "நீ வர்றன்னு நான் ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கிறேன். உம்படத்துக்குக் கீழ. அவங்க வாசிச்சிக்கினே வராங்க. பின்னாடி பாத்தா யாருமே இல்ல. நிறுத்தவும் தெரியாம வாசிக்கிறாங்க. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் எம்மூஞ்சியப் பாக்குறாங்க. நான் எங்கண்ணா போவேன்?"

எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

நான் அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், திட்டிக்கொண்டே பையை வாங்கிக்கொண்டாள். அன்பழகன் உள்ளிருந்து வந்து, நிலைமையைப் பார்த்து, எனக்கு நாற்காலி போட்டார். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "என்னப் பாத்து உனக்கு இன்னும் ஏதாச்சும் ஆயிடுச்சின்னா? அதான் அவர அனுப்பினேன்" என்றாள்.

பேனரை ஏன் வைத்திருந்தாய் என்றேன்.

"தூக்கிப் போட மனசு வரல. மழைக்கு ஆவும்னு வெச்சேன். உம்மூஞ்சிய உள்பக்கமாதான் போட்டேன். நனையக் கூடாதுன்னு இல்ல, பாக்கக் கூடாதுன்னு."

அப்புறம் கேட் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "நிச்சயத்துக்கு மறுநாள், டேப் யாரு சுத்துனதுன்னு அவரு கேட்டாரு. நுனிய மடிச்சி வெச்சிருக்கு பாரு, அது எங்கண்ணன் சுத்துன்னு சொன்னேன். அப்பவே நீ உள்ள வந்துருக்கலாம்."

அகலை நானும் சேர்ந்து ஏற்றினேன். பாதி அணைந்தது, மறுபடி ஏற்றினோம்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடை 45 நிமிடம். பி.பி. 124/80. செல்வாம்பாளும் அன்பழகனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து முறையாகப் பத்திரிகை வைத்தார்கள். ஜனவரி 28. அதே மண்டபம். பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அண்ணி, அண்ணி என்று ஒரே அழுகை. எனக்குக் காபி வர ஒரு மணி நேரம் ஆனது.

டிசம்பர் 24, புதன்

நட்சத்திரங்கள் வந்துவிட்டன. இந்த வருஷம் இருபத்திரண்டு. குண்டு பல்ப் ஒன்றுகூட இல்லை. ரிட்டயர்டு ஆள் சொன்னதையும் கேட்கிறார்கள். இருபத்திரண்டாவது நட்சத்திரம் எங்கள் வீட்டில். பாக்கியம் ஆசைப்பட்டாள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னால் இருக்கும் வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன்.

கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நாலாவது குறுக்குத் தெருவுக்கு நடந்தேன். வடக்கு மூலைத் தாமரையில் ஒரு இதழ் குறைகிறது என்றேன். "எண்ணிப் பாக்குறதுக்குன்னே பொறந்திருக்கு" என்று கோலமாவுக் கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். வெள்ளைக் கை அச்சோடு வீடு வரை வந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பந்தக்கால் நட்டோம். மூங்கில் தேடினார்கள், சரியான உயரம் கிடைக்கவில்லை. தெய்வநாயகம் வீட்டுக் கழியைக் கேட்டேன். "குடியரசு தினத்துக்கு எனக்கு வேணுமே" என்று முனகிவிட்டுக் கொடுத்தார். இரண்டு நாட்டுக் கொடி ஏறிய கழியில் இப்போது மாவிலையும் மஞ்சள் துணியும். ஹேமலதா அந்தக் கிளிப்பச்சைப் புடவையில் வந்து பால் ஊற்றினாள்.

சீரியல் லைட் முழுக்க என் பொறுப்பு. அன்பழகன், "மச்சான், பேனருக்கு ஒரு போட்டோ குடுங்க" என்றார். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வந்தேன். பாக்கியம் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 28, புதன்

காலை ஐந்தரை மணி. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் நான், பாக்கியம், எழிலரசன், முப்பத்தொரு தட்டு. முனை வந்தது. மேளக்காரர்கள் வளைவில் திரும்பினார்கள். நானும் திரும்பினேன், அவர்கள் பின்னாலேயே. அடியை எண்ணிக்கொண்டு போனேன், பாதியில் விட்டுவிட்டேன். வாசலில் செல்வாம்பாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். மேளக்காரர்களைப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்த்தாள்.

பட்டம் கட்டும்போது முடிச்சை இறுக்கி இழுத்துவிட்டேன். "மாமா, மெதுவா" என்றாள் ஹேமலதா.

பந்திக்குப் பின்னால் பாக்கியம் கேட்டாள்: "முனையில பேனர் வெச்சிருந்தாங்களே. உங்க படம் எப்படி வந்துருக்கு, பாத்தீங்களா?"

"முனையில பேனர் இருந்துதா?" என்றேன்.

நடை: வீட்டிலிருந்து மண்டபம் வரை, மேளத்தின் வேகத்துக்கு. நிமிடம் பார்க்கவில்லை.